மாட்டுக்குத் தெரியும் என்பார்கள்

"மாட்டுக்குத் தெரியாததா தம்பி? எதைத் தின்னணும், எதை விடணும்னு அதுக்கே தெரியும்." இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்து லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பால் எடுக்கப் போகும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். மாடு படுத்த பிறகுதான் இதைச் சொல்வார்கள் என்பதுதான் வேடிக்கை.

நான் மிருக வைத்தியன் அல்ல. பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றுக்காகக் காலையில் லயம் லயமாகப் போய்ப் பாலை அளந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்து, பால் சேகரிக்கும் சென்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். மாட்டுக்கு என்ன வருத்தம் வந்தாலும் முதலில் குறைவது பால். ஆகவே டொக்டருக்குப் போக முன்னால் சங்கதி என்னிடம் வந்துவிடும். அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போய், மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்ததும்தான் இங்கே எழுதுவது.

அந்த வசனம் முழுப்பொய் என்று சொல்லமாட்டேன். செடியால் ஓட முடியாது. தின்ன வருவதை விரட்ட அதனிடம் இருப்பது கசப்பும் நாற்றமும் நஞ்சும்தான். பரந்த புல்வெளியில் தன்பாட்டில் மேயும் மாடு ஒரு வாய் கடித்துப் பார்த்து, கசந்தால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். எங்கள் மாடுகள் எங்கே மேய்கின்றன? சுற்றிவரத் தேயிலை. அவிழ்த்துவிட்டால் தோட்டத்தில் பிரச்சினை. அதனால் லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கட்டித்தான் வளர்க்கிறோம். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் கானோரத்திலும் ஆற்றோரத்திலும் புல் வெட்டி, கட்டாகக் கட்டித் தலையில் தூக்கி வருவார்கள். மழை, மூடுபனி, இருட்டு, இதற்குள் அரிவாளில் அகப்பட்டதெல்லாம் கட்டுக்குள் போகும். அதை நறுக்கிக் கலந்து போட்டால் மாடு எதைப் பொறுக்கி ஒதுக்கும்? தெரிவு செய்கிற வேலையை மாட்டிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். அப்படியானால் செடியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்களும் நாம்தான்.

நாயுண்ணிச் செடியிலிருந்து தொடங்குகிறேன், எங்கள் பக்கம் அதிகம் கண்டது அதைத்தான். 1826 இல் பேராதனைப் பூங்கா வழியாக அலங்காரச் செடியாக இந்தத் தீவுக்குள் வந்தது. இன்று அது இல்லாத சரிவு கிடையாது. ஆள் இல்லாமல் கைவிட்ட தேயிலை மலைகளில் முதலில் ஏறுவதும் அதுதான். ஒரு மாசி மாதம், பனி பெய்து புல்லெல்லாம் கருகிக் கிடந்த நேரம், எங்கள் சங்கத்தில் ஒரு அக்கா கடன் எடுத்து வெளியூரிலிருந்து ஒரு பிரீசியன் கலப்பு மாடு வாங்கியிருந்தார். கறுப்பும் வெள்ளையுமான நல்ல மாடு. புல் கிடைக்காமல் கைவிட்ட மலை ஒன்றில் பற்றையோடு சேர்த்து வெட்டிப் போட்டிருக்கிறார். பால் திடீரென்று விழுந்தது. மாடு தின்னவில்லை, அசைபோடவில்லை, சாணியும் நின்றுபோனது. பிறகு கண் மஞ்சளித்தது. அதற்குப் பின் நடந்ததுதான் லயத்தையே இரண்டாக்கியது. மாட்டின் வெள்ளைத் தோல் மட்டும் சிவந்து, தடித்து, வெடித்து உரியத் தொடங்கியது. பக்கத்திலேயே கறுப்புத் தோலில் ஒரு கீறல் கிடையாது. யாரோ பொறாமையில் கொதிதண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று பக்கத்துக் காம்பராவோடு சண்டை.

டொக்டர் வந்து விளக்கினார். நாயுண்ணி இலையில் லன்ரடீன் என்ற நஞ்சு இருக்கிறது. அது ஈரலுக்குள் போய்ப் பித்தநீர் வடியும் பாதையை முடக்கிவிடும். பச்சைப் புல்லில் உள்ள பச்சையம் மாட்டின் வயிற்றில் உடையும்போது பைலோஎரித்திரின் என்றொரு பொருள் உண்டாகிறது. ஈரல் நன்றாக இருந்தால் அது பித்தநீரோடு வெளியேறிவிடும். ஈரல் முடங்கினால் இரத்தத்தில் தேங்கித் தோலுக்கு வரும். அங்கே வெயில் பட்டால் தோலை எரிக்கும். கறுப்புத் தோல் வெயிலை உள்ளே விடுவதில்லை, வெள்ளைத் தோல் விட்டுவிடுகிறது. எரித்தது பக்கத்து வீட்டுக்காரி அல்ல, சூரியன். அவர் சொல்லி முடித்த பிறகும் அந்த அக்கா முழுசாக நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த நஞ்சின் கெட்ட குணம், அது வயிற்றை ஓடாமல் நிறுத்திவிடுவது. தின்றது உள்ளேயே கிடக்கும், கிடந்த இடத்திலிருந்து நஞ்சு தொடர்ந்து ஊறும். அதனால் வைத்தியத்தின் முதல் வேலை உள்ளே கிடக்கும் நஞ்சைப் பிடித்துக்கொள்வது. அதற்குச் செயலூட்டிய கரியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவார்கள். ஒரு பெரிய மாட்டுக்கு 2 கிலோவுக்கு மேல் வேண்டும், வேளைக்குக் கொடுத்தால்தான் பலன். அடுப்புக் கரியை இடித்துக் கொடுத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய வரும்படி பக்குவம் செய்த கரிதான் நஞ்சைப் பிடிக்கும். நாம் செய்யக்கூடியது வேறு: உடனே நிழல். வெயில் எட்டாத கொட்டகைக்குள் கட்டி, தண்ணீர் தாராளமாக வைத்து, பச்சைப் புல்லைக் குறைத்து வைக்கோலோ காய்ந்த புல்லோ போட வேண்டும். அந்த மாடு பிழைத்தது. பால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை, கடன் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

அதிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது: வெளியூரிலிருந்து வந்த மாட்டுக்கு முதல் மாதம் புல்லை நீங்களே கட்டு அவிழ்த்துப் பார்த்துப் போடுங்கள். நாயுண்ணி நிறைந்த இடத்தில் பிறந்து வளர்ந்த மாடு ஓரளவு ஒதுக்கும், புதுமாட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சிவப்புப் பூ நாயுண்ணியில் நஞ்சு கூட என்பார்கள், அது பெரும்பாலும் சரிதான். அதற்காக மற்ற நிறத்தை நம்பி வெட்டிவிடாதீர்கள். பற்றையைத் துப்புரவாக்கும்போது வெட்டிய கிளையை மாடு எட்டும் இடத்தில் குவித்து வைக்கவும் வேண்டாம். வாடினால் நஞ்சு போய்விடாது, நாற்றம்தான் குறையும், பச்சையில் மோந்து பார்த்து விட்ட மாடு வாடியதைத் தின்னும். பிள்ளைகள் இதன் பழுத்த கறுப்புப் பழத்தைப் பறித்துத் தின்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பச்சைக்காயைத் தின்ற பிள்ளைகளுக்கு நஞ்சேறிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பச்சையும் கறுப்பும் ஒன்றுதான், ஆகவே செடிப்பக்கமே விடாமல் இருப்பது நல்லது.

அடுத்தது இரத்த மூத்திரம். இதுபற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே அடையாளத்துக்குப் பின்னால் மூன்று நான்கு காரணங்கள் இருக்கின்றன. மருந்தும் வேறு வேறு.

என் மனைவியின் ஊர் வெலிமடைப் பக்கம். அங்கே தேயிலைக்கு மேலே பத்தனைப் புல்வெளி. ஆடி, ஆவணிக் காற்றில் யாராவது நெருப்பு வைத்துவிடுவார்கள், மலை முழுக்கக் கருகும். முதல் மழை விழுந்ததும் சாம்பலுக்குள்ளிருந்து முதலில் தலைநீட்டுவது புல் அல்ல, பெரணி. ஆழத்தில் ஓடும் அதன் கிழங்குத்தண்டை நெருப்புத் தொடுவதில்லை. சுருண்ட பச்சைக் குருத்துகள் மட்டும் நிற்கும் அந்த மலையில் மாட்டை விட்டால் அது வேறெதைத் தின்னும்? அங்கே அவிழ்த்துவிட்டும் மாட்டுக்குத் தெரிவு இல்லை. இந்தப் பெரணியில் நஞ்சு அதிகம் இருப்பதும் இளங்குருத்தில்தான்.

இதில் உள்ள முக்கிய நஞ்சின் பெயர் டாகுயிலோசைட்டு. 1983 இல் ஜப்பானிலும் நெதர்லாந்திலும் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக இதைப் பிரித்தெடுத்தன. மாட்டின் மூத்திரம் இயல்பிலேயே காரத்தன்மையானது. காரத்தில் இந்த மூலக்கூறு உடைந்து, மரபணுவோடு போய் ஒட்டிக்கொள்ளும் ஒன்றாக மாறுகிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சிறுகச் சிறுகத் தின்னும் மாட்டின் சலப்பையில், அதாவது மூத்திரப்பையில், இரத்தக்கசிவும் கட்டியும் வருவது இப்படித்தான். மாட்டுக்கு மரு உண்டாக்கும் ஒரு வைரசும் இதற்குத் துணைபோகிறது. பிரேசில், போர்த்துக்கலின் அசோர்ஸ் தீவுகள், இமயமலைச் சரிவு என்று இந்தப் பெரணி வளரும் மலை நாடுகளில் எல்லாம் இதே கதை. ஒரேயடியாகச் சில கிழமைகள் நிறையத் தின்றால் வேறு மாதிரி. எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும். மூக்கு, முரசு (பல் ஈறு), சாணி எல்லாவற்றிலும் இரத்தம் வந்து, காய்ச்சலோடு மாடு போய்விடும்.

ஓடையோரம் பறித்துச் சுண்டித் தின்னும் பெரணிக்கீரை வேறு, இது வேறு. கீரைப்பெரணி ஈரத்தில், ஓரிடத்தில் கொத்தாக முளைக்கும். இது காய்ந்த திறந்த சரிவில் ஒவ்வொரு தண்டாகத் தனித்தனியே மண்ணிலிருந்து எழும்பி, முறுக்கான முக்கோண இலையாக விரியும்.

சரி, மாட்டுக்குச் சிவப்பு மூத்திரம் வந்துவிட்டது. டொக்டர் எனக்குக் காட்டித்தந்த ஒரு வேலை, அதை நான் எல்லா லயத்திலும் செய்யச் சொல்கிறேன். வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதில் மூத்திரத்தைப் பிடித்து, ஆட்டாமல் ஒன்றிரண்டு மணித்தியாலம் வையுங்கள். சிவப்பு அடியில் போய் மண்டியாகத் தங்கி, மேலே தெளிந்தால், அது முழு இரத்தம். சலப்பையிலோ சிறுநீரகத்திலோ கசிவு. அப்போது பெரணியைச் சந்தேகிக்க வேண்டும். எவ்வளவு நேரம் வைத்தாலும் தெளியாமல் முழுப் போத்தலும் சிவப்பாகவோ கோப்பி நிறத்திலோ நின்றால், உடம்புக்குள் செங்குருதிக் கலங்கள் உடைந்து அதன் நிறப்பொருள் கரைந்து வருகிறது என்று பொருள். அதற்கு உண்ணி கடித்து வரும் காய்ச்சல் ஒரு காரணம். எலிக்காய்ச்சல் கிருமி இன்னொன்று. மூன்றாவது காரணத்தை எங்கள் மாவட்டத்தில் யாரும் எண்ணிப் பார்ப்பதே இல்லை: கோவா என்கிற முட்டைக்கோசும் லீக்ஸும்.

நுவரெலியாப் பக்கத்தில் விலை விழுந்த கிழமை என்றால் தோட்டத்திலேயே கோவா குவிந்து கிடக்கும். லீக்ஸ் தாள், முள்ளங்கி இலை எல்லாம் சும்மா கிடைக்கும். புண்ணாக்கு விலையைப் பார்த்தவர்கள் இதை விடுவார்களா? லொறியில் ஏற்றி வந்து கிழமைக்கணக்கில் அதையே போடுவார்கள். கோவாக் குடும்பத்துச் செடிகளில் கந்தகம் சேர்ந்த ஓர் அமினோ அமிலப்பொருள் உண்டு. மாட்டு வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை டைமெதில் டைசல்பைட்டாக மாற்றுகின்றன. அது செங்குருதிக் கலத்தை உடைக்கும். லீக்ஸிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகப் பொருள்களும் அதே வேலையைச் செய்யும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு கிழமை போனபின் மாடு சோரும், முரசு வெளிறும், மூத்திரம் சிவக்கும். பாலில் வெங்காய வாசம் வந்தால் எனக்குச் சென்டரிலேயே தெரிந்துவிடும், அன்று அந்த வீட்டுக்குப் போய் "லீக்ஸ் போடுறீங்களா" என்று கேட்பேன். கழிவு மரக்கறியைப் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கஷ்டப்பட்டவர்களுக்கு அது பெரிய உதவி. மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், புல்லோடு கலந்து, இடைக்கிடை நிறுத்திப் போட்டால் போதும். பச்சை பிடித்த, முளைவிட்ட உருளைக்கிழங்கு மட்டும் கலக்கவே வேண்டாம். அதில் சொலனைன் ஏறியிருக்கும். அவித்தாலும் போகாது, மாட்டுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

பெரணிக்குத் திரும்பி ஒரு வார்த்தை, பால் விற்கிறவன் சொல்ல விரும்பாத வார்த்தை. அந்த நஞ்சு பாலிலும் வருகிறது. வெனிசுவேலாவில் இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1987 இல் இந்தப் பெரணியை, மனிதருக்குப் புற்றுநோய் வருவிக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. பல மாட்டுப் பால் கலந்து போகும் சென்டரில் அளவு ஐதாகிவிடும். வீட்டில் ஒரே மாடு, அதுவும் பெரணி மலையில் மேய்கிற மாடு, அதன் பாலைத்தான் பிள்ளை தினமும் குடிக்கிறது என்றால் அங்கேதான் கவனம் வேண்டும். நெருப்புப் பட்ட மலையில் புல் திரும்பி எழும்வரை மாட்டைக் கட்டியே வைக்கச் சொல்லுங்கள்.

புல் தவிர வேறு எதுவும் கலக்காத கட்டும் மாட்டைக் கொல்லும், அது எப்படி என்று கேட்கலாம். தேயிலைக்கு யூரியா போட்ட மலையில் கானோரப் புல் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். பார்த்தால் யாருக்கும் வெட்டத் தோன்றும். புல் மண்ணிலிருந்து நைட்ரேட்டை இழுத்து, வெயிலின் துணையோடுதான் புரதமாக மாற்றும். கிழமைக்கணக்கில் வெயில் முகமே காணாத எங்கள் மழைக்காலத்தில் இழுத்தது மாறாமல் தண்டின் அடியில் தேங்கி நிற்கும். மாட்டு வயிற்றில் அது நைட்ரைட்டாகி இரத்தத்தில் சேர்ந்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க மாட்டாது. மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், முரசு நீலம் பாயும், இரத்தம் சொக்கலேட் நிறமாக இருக்கும். டொக்டர் மெத்திலீன் நீலம் ஊசி போட்டால் சிலவேளை கண்முன்னாலேயே எழும்பும். அவர் வந்துசேர நேரம் இருந்தால். பசளை போட்ட மலையில் இரண்டு மூன்று கிழமை புல் வெட்டாதீர்கள், வெட்டினாலும் அடித்தண்டை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். பசித்த மாட்டுக்கு முதலில் காய்ந்த புல் கொஞ்சம் போட்டு, பிறகு பச்சையைப் போடுங்கள். யூரியா உரப்பையைக் கழுவி மாட்டுக்குத் தண்ணீர் தூக்கப் பயன்படுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? நக்கினால் அதுவும் நஞ்சுதான்.

மனிதர் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு மூக்கும் நாக்கும் இருக்கின்றன, தெரிவும் இருக்கிறது, ஆனாலும் தெரிவு இல்லாமல் போகிற காலம் வரும். 2022 இல் அப்படி வந்தது. கோதுமை மா விலை ஏறி, காஸ் இல்லாமல், ரொட்டி சுடுவதே பெரும்பாடான அந்த வருடத்தில் மலையில் எல்லோரும் மரவள்ளியை நட்டார்கள், காட்டுக் கிழங்கையும் தேடிப் போனார்கள். மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அதே செடியில் உள்ள நொதியம் அதோடு சேர்ந்து சயனைட்டு வாயுவை உண்டாக்கும். தோலிலும் இலையிலும்தான் அது கூட. இஞ்சியோடு சேர்த்துத் தின்றால்தான் சாவு என்று எங்கள் நாட்டில் ஒரு பயம் உண்டு. அதனால் இஞ்சித் தேத்தண்ணியைத் தவிர்த்துவிட்டு, மூடியை இறுக்கி மூடி அரைவேக்காட்டில் இறக்குகிறார்கள். நஞ்சு இஞ்சியில் இல்லை, கிழங்கில் இருக்கிறது. தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டாக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் மூடாமல் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரையும் வடிக்க வேண்டும். கசக்கிற கிழங்கை வீசிவிடுங்கள். வீசுவதையும் ஆடு இல்லாத இடத்தில் வீசுங்கள். அந்த வருடம் சீவிய பச்சைத்தோல் குவியலைத் தின்ற ஒரு வெள்ளாடு, நான் பால் அளந்து முடிப்பதற்குள் விழுந்து துடித்துச் செத்தது. டொக்டருக்கு போன் எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. தோலைச் சின்னதாக நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் நஞ்சு பெருமளவு போய்விடும், அப்புறம் போடலாம்.

காட்டுக் கிழங்கில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பதுளை, பசறை என்று கீழிறங்கும் பக்கங்களில் கார்த்திகைப்பூக் கொடி வேலியோரம் படர்ந்திருக்கும். பூ இருக்கும்போது யாரும் ஏமாறமாட்டார்கள். கொடி காய்ந்தபின் மண்ணில் கிடைக்கும் கிழங்கை வற்றாளை, வள்ளி என்று நினைத்து அவித்தவர்கள் உண்டு. அதில் இருப்பது கொல்சிசின், கலங்கள் பிரிவதையே நிறுத்தும் நஞ்சு. சில மணித்தியாலம் கழித்து வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். வயிறு அடங்கியதும் வீட்டுக்குப் போகத் துடிப்பார்கள். மச்சையும் மற்ற உறுப்புகளும் பழுதாவது அதற்குப் பிறகுதான். பிழைத்தவர்களுக்கு இரண்டாவது கிழமையளவில் தலைமுடி கொட்டும்.

குளிர் மலைகளில் வீட்டு வேலியில் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூ ஊமத்தை இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய பயம். அழகுக்கு நட்டு, கிளை ஒடித்து ஊன்றினால் முளைத்து, இன்று ஓடைக்கரை எல்லாம் நிற்கிறது. எங்கள் டிவிசனில் பிள்ளைகள் கடை வைத்து விளையாடும்போது அந்தப் பூவைக் கோப்பையாக்கித் தண்ணீர் ஊற்றிக் குடித்திருக்கிறார்கள். பின்னேரம் ஒரு பையன் முகம் சிவந்து, இல்லாத பூச்சியைக் காற்றில் பிடித்து, அம்மாவையே யாரென்று கேட்டான். பேய் என்று முடிவுசெய்து கோடாங்கியைக் கூப்பிட ஆள் போய்விட்டது. நல்லவேளை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து அக்கா அவன் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி விரிந்தபடி, வெளிச்சத்துக்கும் சுருங்கவில்லை. பேய் பிடித்தால் கண்மணி விரியுமா என்று எனக்குத் தெரியாது, ஊமத்தை உள்ளே போனால் விரியும். நாக்கு காயும், தோல் வியர்வையில்லாமல் சுடும், நெஞ்சு படபடக்கும், மூத்திரம் அடைக்கும். அத்திரோப்பின், ஸ்கொப்பொலமைன் என்ற இரண்டின் வேலை இது. பூச்சிமருந்து குடித்தவர்களைக் காப்பாற்ற நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்றுகிற மருந்தும் இதே அத்திரோப்பின்தான், அளந்து ஏற்றுகிறார்கள். பையனை 1990 இலக்க அம்புலன்ஸ் வண்டியில் அனுப்பினோம், சரியாகித் திரும்பினான். கோடாங்கியும் வந்து விபூதி போட்டுவிட்டுப் போனார், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் இரண்டாவதாக வந்தால் போதும்.

இன்னொன்று, வீட்டுக் கஷாயம். கிலுகிலுப்பை வகைச் செடிகளில் பைரோலிசிடின் அல்கலாய்டு உண்டு. 1980களின் தொடக்கத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் மூலிகைகள் சிலவற்றில் அதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். வலியே இல்லாமல் ஈரலைக் கெடுக்கும் பொருள் அது. வைத்தியர் பார்த்துத் தந்தது வேறு, பக்கத்து வீட்டில் சொல்லி ஓடைக்கரையில் பிடுங்கி மாதக்கணக்கில் அவித்துக் குடிப்பது வேறு.

நஞ்சு என்று சந்தேகம் வந்தால் மனிதருக்கு 1990. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றாதீர்கள். மாட்டுக்கு எண்ணெய், கள், மோர் என்று மூங்கில் குழாயில் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். படுத்துக் கிடக்கும் மாட்டுக்கு ஊற்றினால் நெஞ்சுக்குள் இறங்கி, நஞ்சில் தப்பியதும் சளியில் சாகும். தின்றதென்று நினைக்கும் செடியைக் கிளை, இலை, பூ, காயோடு ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கோ டொக்டரிடமோ கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே படம் அனுப்பினால் இன்னும் நல்லது. ஓர் இலையை மட்டும் கிட்டத்தில் பிடித்து எடுத்த படத்தால் பிரயோசனமில்லை, முழுச்செடியும் விழ வேண்டும். மீதிப் புல்கட்டையும் வீசாதீர்கள். பலமுறை விடை அந்தக் கட்டுக்குள்தான் கிடந்தது.

பிள்ளை மடுவத்து வேலியில் நின்ற ஊமத்தையை அந்த அக்காவே ஆள் பிடித்து வேரோடு தோண்டிவிட்டார். தோண்டிய கையோடு என்னிடம் கேட்டார், "அப்போ கோயிலடி அலரியையும் வெட்டணுமா தம்பி? அதுவும் நஞ்சுன்னு சொல்றாங்களே." நஞ்சுதான், இதயத்தைப் பிடிக்கிற நஞ்சு, இலை காய்ந்தாலும் போகாது. ஆனால் சாமிக்குப் பூ வேண்டுமே. "மரம் நிக்கட்டும் அக்கா, கிளை கழிக்கிற அன்னைக்கு மட்டும் எனக்குச் சொல்லுங்க. வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவாங்க, அங்கதான் ஆடு கட்டியிருக்கு" என்றேன்.